அடுத்து வரும் எண்

பல்லி அப்படிச் சொல்வதில்லை. பல்லியின் சொல் நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தாற்போல் ஈரமாய் இருக்கும். இதுவோ உலர்ந்திருந்தது, விரற்கணு பலகையில் பட்டாற்போல. இரண்டே தட்டல். எங்கிருந்து என்று தெரிவதற்குள் மழையோசை அதன்மேல் மூடிக்கொண்டது.

"பல்லிதான் கண்ணு. நீ தூங்கு" என்று, கட்டிலில் புரண்ட மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள் செந்தமிழ்ச்செல்வி. ஐந்து வயதுத் தனுஷா தாயின் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டு மீண்டும் உறங்கிப்போனாள்.

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையின் ஒதுங்கிய கோடியில் இருந்தது அவர்கள் குடியிருந்த வீடு. ஐப்பசி அடைமழையும் மூடுபனியும் சேர்ந்து, விளக்கு வைக்கும் வேளை வருமுன்னரே பொழுதை விழுங்கிவிட்டிருந்தன; ஓட்டு விளிம்பிலிருந்து ஒழுகும் நீரின் ஓசை, வாசற்படியில் கரைந்த செம்மண்ணின் வாடை, எங்கோ நனைந்துகொண்டிருந்த நாயின் முனகல் எல்லாம் பனிக்குள்ளேயே பிறந்து பனிக்குள்ளேயே அடங்கின. மின்சாரம் இல்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த கணவன் ஜெயப்பிரகாஷ், மலைச்சாலையில் கம்பிமேல் மரம் சாய்ந்துவிட்டதென்று போயிருந்தான். புறப்படும்போது, "கரண்டு வந்துச்சின்னா நான் வந்துகினு இருக்கேன்னு அர்த்தம். கதவத் தாப்பா போட்டுக்க" என்று சொல்லிச் சென்றான்.

சார்ஜர் விளக்கின் வெளிறிய வட்டத்துக்குள் பயிற்சி வினாத்தாளை விரித்தாள். ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் அரசுத் தேர்வு. தேறிவிட்டால் மலையைவிட்டு இறங்கிவிடலாம்; பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்கலாம். அந்தப் பிள்ளைக்காகவே படித்தாள். இருமுறை அவளைக் கவிழ்த்தவை எண் தொடர் வினாக்கள்: நான்கைந்து எண்களைக் காட்டி, அடுத்து வரும் எண் எது என்று கேட்பவை. இப்போது அவை வசப்பட்டிருந்தன. திருநாவலூர்க் கோயிலில் சிறுமியாய்ப் பதிகம் பாடப் பழகிய நாளில், ஓரடி முடியுமுன்னே அடுத்த அடியின் சந்தம் நெஞ்சில் வந்து நிற்குமே, அந்த இன்பத்தை அவள் மறுபடி கண்டது இந்த எண்களில்தான். இரண்டுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பிடித்துவிட்டால், தாறுமாறாய்க் கிடந்தவையெல்லாம் வரிசையில் வந்து கைகட்டி நிற்கும். அதனாலேயே எதைக் கேட்டாலும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணாதே என்றுதான் வீட்டைக் குடக்கூலிக்கு விட்ட ராஜதுரை சொல்லியிருந்தான். சாவியைக் கொடுத்த அன்று, வேறெங்கோ பார்த்தபடி: "சுவத்துல சத்தம் கேட்டா கேட்டுக்கினு இருங்க. கணக்கு மட்டும் பண்ணாதீங்க."

"மீனுகிட்ட போயி நீந்தாதன்னா அது இன்னா பண்ணும் துரை?" என்று ஜெயப்பிரகாஷ் மனைவியைக் காட்டி நகைத்தான்.

ராஜதுரை நகைக்கவில்லை. முன்பு அங்கே குடியிருந்தவர் ஒரு கணக்கு ஆசிரியை என்றான். "நல்லாத்தான் இருந்தாங்க. அப்புறம் இன்னாமோ, பெத்த புள்ளையே அவங்ககிட்ட போவமாட்டேன்னு அழுதுச்சி."

மழை சற்றே தணிந்தபோது மறுபடியும் தட்டல் எழுந்தது. ஒன்பது. அவள் பென்சிலை நிறுத்தினாள். ஒரு மூச்சு இடைவெளிக்குப் பின் மூன்று. அதன்பின் ஏழு.

இரண்டு, ஒன்பது, மூன்று, ஏழு. எந்த ஒழுங்கிலும் அடங்காத வரிசை. அடங்காததாலேயே அவளை இழுத்தது. ஐந்து தட்டல்கள் வந்தன. ஓய்ந்தன. மறுபடியும் ஐந்து. ஈரச் சுண்ணாம்பின் வாடை, நெடுநாள் அடைத்துவைத்த அறையைத் திறந்தாற்போல், கட்டிலின் பக்கமிருந்து கசிந்து வந்தது. அதை உணர்ந்தும் உணராதவளாய் அவள் செவியை மட்டுமே விழிக்கவைத்திருந்தாள். எட்டு. பிறகு மூன்று.

இரட்டைத் தொடர். வினாத்தாள் அமைப்போர் வைக்கும் பழைய பொறி அது: இரண்டு வரிசைகளைச் சடைபோல் பின்னி ஒன்றாகக் காட்டுவார்கள், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தால் அவிழ்ந்துவிடும். இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு: ஒன்றும் இரண்டும் மூன்றுமாய்க் கூடி ஏறும் தொடர். ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று: இரண்டிரண்டாய்க் குறையும் தொடர். அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்தபடியே உறைந்தது.

தொடர் இரண்டென்றால், தட்டுவோரும் இருவர்.

உற்றுக் கேட்டதை நினைவில் மீட்டிப் பார்த்தாள். ஏறும் தொடர் மரத்தின் ஓசை, வாசற்கதவு. குறையும் தொடர், நகம் காரையில் படும் ஓசை. அது வீட்டின் உள்ளே. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில்.

கதவில் இனிப் பன்னிரண்டு வரவேண்டும். வந்தது. எண்ணவேண்டாமென்று பல்லைக் கடித்தாள்; நெஞ்சம் தானே எண்ணி முடித்தது. சுவரில் இனி ஒன்று வரவேண்டும். வந்தது. கெஞ்சுவதுபோல், ஒரே ஒரு கீறல்.

பதிகம் நாவில் இருக்கையில் அச்சம் அண்டாது என்பது அவள் பிறந்த ஊரின் நம்பிக்கை. கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். திறந்த வாயில் இறைவன் திருப்பெயர் வரவில்லை.

"பதினேழு" என்று வந்தது.

கதவுக்கு வெளியே ஓசை இல்லை. அங்கே எழவேண்டிய பதினேழை அவளே சொல்லிவிட்டாள். கேட்ட வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதைப்போல் ஒரு நிறைவு அந்த அமைதியில் இருந்தது. மழையும் நின்றிருந்தது. தாழ்ப்பாள், தொடுவாரின்றி, மெல்ல விலகியது.

இனிக் குறையும் தொடரின் முறை. மூன்று. ஒன்று. அடுத்து?

ஒன்றில் இரண்டு போனால் மைனஸ் ஒன்று.

பூஜ்யத்துக்கும் கீழே எப்படித் தட்டுவது? தட்ட முடியாது. குறையத்தான் முடியும். இருப்பதில் ஒன்று.

இருப்பவர் இருவர்.

பாய்ந்து மகளின் கையைப் பற்றினாள். பிள்ளை வேண்டாம். பிள்ளையை விட்டுவிடு. குறைய வேண்டுமென்றால் நான் குறைகிறேன். எவரிடம் வேண்டுகிறோம் என்று எண்ணாமலே வேண்டினாள்.

விளக்கு அணைந்தது.

இருள். கைக்குள் சின்னஞ்சிறு கை. அதன் சூடு. இருக்கிறாள். இருக்கிறாள்.

"அம்மா" என்றாள் தனுஷா. "எங்கம்மா இருக்க?"

இங்கதான் கண்ணு என்றாள். உதடு அசைந்தது. ஓசை எழவில்லை. பற்றிய கையை இறுக்கினாள். விரல்களுக்குள் கை இல்லை. காரை இருந்தது. குளிர்ந்த, சொரசொரத்த காரை.

"இங்கதான் கண்ணு" என்றது அவள் குரல், கதவருகிலிருந்து.

சிற்றடிகள் தரையில் ஓடின.

மின்சாரம் வந்தது. கீழே மலைச்சாலையின் வளைவில் ஜெயப்பிரகாஷின் பைக் உறுமல் ஏறி வந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தில், தலைமாட்டுச் சுவர் எதைப் பார்க்குமோ அதையெல்லாம் செந்தமிழ்ச்செல்வி பார்த்தாள்: கலைந்த கட்டில், கவிழ்ந்த வினாத்தாள், திறந்த கதவு, அதன்முன் பிள்ளையைத் தோளில் சாய்த்து மெல்ல அசைந்துகொண்டிருந்த ஒரு முதுகு. அவள் உடுத்தியிருந்த அதே பச்சைப் புடவை. அவள் பின்னிய அதே சடை.

கத்தினாள். கத்தியது, காரையில் நகம் தட்டும் ஓசையாகவே வெளிப்பட்டது. ஒன்பது முறை.

தனுஷா தோளிலிருந்து தலை நிமிர்த்தி நேராக அவளைப் பார்த்தாள். "சுவத்துல யாரோ தட்டுறாங்கம்மா."

அந்த முகம் மெல்லத் திரும்பியது. அவளுடைய முகம்தான். சுவரைப் பார்த்து நகைத்தது.

"பல்லிதான் கண்ணு. நீ தூங்கு."