ஈயம் பூசிய கை

அண்டாவின் மூடியைத் தூக்கியதும் ஈரவாடை அடித்தது. நேற்று அவள்தான் துடைத்து, வெயிலில் காயவைத்து, மூடி வைத்தாள். இன்று அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈயத்தைக் காணவில்லை. வெள்ளைப் பூச்சு உரிந்து, தோல் வழன்ற முழங்கால் மாதிரி செம்பு சிவந்து கிடந்தது.

அரண்மனைச் சமையற்கூடத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு வந்த செம்புப் பாத்திரங்களில் இதுதான் பெரியது. கைப்பிடிக்குக் கீழே கிரீட முத்திரை. பின்கட்டுப் பட்டறையில் பதினாறு வருடமாகச் செம்பில் படியும் பச்சைக் களிம்பு சுரண்டி, ஒடுக்கெடுத்து, ஈயம் பூசுகிறவள் அவள். ஆனால் நாளைய கண்காட்சித் திறப்பு விழாவில் இதில் சமைத்து விருந்தினருக்குப் பரிமாறப் போவதோ, போன வருடம் வேலைக்குச் சேர்ந்த அவள் தங்கை. பத்திரிகையில் படம்கூட வந்துவிட்டது. அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறாள். அந்தப் பளபளப்பு யார் தேய்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

ஈயம் இல்லாத செம்பில் புளிப்பு பட்டால் விஷம். தங்கை வைக்கப் போவது எலுமிச்சை பிழிந்த சூப்.

திரும்பப் பூச ஒரு மணி நேரம் போதும். அடுப்பைப் பற்றவைக்க எழுந்தாள். அப்போதுதான் தங்கை வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்டா ரெடியா?"

"எல்லாம் ரெடி. நீ போய் நாளைக்கு எந்தப் புடவைன்னு பாரு."

"என்மேல கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

மூடியைப் போட்டாள். யாரும் சாகப் போவதில்லை. நாலு பெரிய மனிதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் போதும்.

மத்தியானம், ஜன்னல் வெளிச்சம் சுவரில் தொங்கிய வாணலிகளின் மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்துகொண்டிருக்க, செம்புக்காசை நாக்கில் வைத்தது போன்ற ஒரு கைப்பு தொண்டையில் ஏறிக்கொண்டிருக்க, மூடிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. சர்ர். நிறுத்தம். சர்ர். அவள் தினமும் களிம்பு சுரண்டும் அதே தாளம்.

திறந்தாள். அடி முழுக்கச் சிவப்பு. ஓரங்களில் நகக்கீறல்கள். செம்பில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

அவள் சிரிக்கவில்லை. அது சிரித்தது.

அப்போதும் பூசியிருக்கலாம். மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. அண்டா கொதித்து இறங்கியது. அந்த அரண்மனையில் ஒரு முறை உண்டு: ஈயம் பூசியவரே முதல் கரண்டி குடிக்க வேண்டும். உயிருக்குப் பயந்த ஏதோ ஒரு ராஜா போட்ட சட்டம். வேலையை ஒழுங்காகச் செய்த இத்தனை வருடத்தில் அது அவளுக்கு ஞாபகத்தில் இருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. தங்கை படித்து வைத்திருந்தாள்.

"எல்லாரும் என்னைப் படம் எடுக்கறீங்க. பதினாறு வருஷமா இதுக்கெல்லாம் உயிர் குடுத்தது எங்க அக்கா. முதல் கரண்டி அவளுக்குத்தான்."

கைதட்டினார்கள். தங்கையின் கண் கலங்கியிருந்தது. ச்சே, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அக்காவுக்குத் தோன்றியது. பிடிதுணி சுற்றிய இடது கையை அண்டாவின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு கரண்டியை வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள். குடிக்கவில்லை. சொல்லிவிட வேண்டும். இப்போதே.

வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு." அவள் குரல்தான். அண்டாவுக்குள்ளிருந்து. "நீயும் குடி."

தங்கை சிரித்தாள். இன்னொரு கரண்டியில் மொண்டாள்.

தட்டிவிட வேண்டும். கரண்டி பிடித்த கை அசையவில்லை. இடது கையை இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

விளிம்புக்கு உள்ளிருந்து ஐந்து விரல்கள். பச்சை. நகங்களில் வெள்ளை ஈயம். அவள் மணிக்கட்டை இறுக்கமாகப் பிடித்திருந்தன.

தங்கை ஊதி ஊதிக் குடித்தாள்.