ரேடியோ வாய் திறக்காத நாள்

அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். வயது பத்து. காலையில் கண் விழிக்கும் முன்பே வாய் விழித்துவிடும். அப்படிப்பட்டவளிடம் அம்மா அன்று இப்படி ஒரு சத்தியம் கேட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்!

"இங்க பாரு. கவர்மெண்ட்ல இருந்து வீட்டை அளக்க ஆள் வர்றாங்க. அவங்க போற வரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"என்னத்தம்மா அளப்பாங்க? நீளத்தையா? அகலத்தையா? என்னையும் அளப்பாங்களா?"

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டே! ஹீட்டர் போட்டாலும் சூடு நிக்காம எவ்வளவு வெளிய போகுது, குளிர்காத்து எவ்வளவு உள்ள வருதுன்னு அளப்பாங்களாம். அளந்துட்டு வாசக்கதவுல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. நல்ல வீடுன்னா பச்சை, சுமாருன்னா மஞ்சள், மோசம்னா சிவப்பு. நம்ம கதவுல சிவப்பை ஒட்டினா, துணி தைக்கக் குடுக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? மானமே போயிடும்!"

அம்மா தையல்காரி. அந்த வீட்டில் வெட்டுத்துணிக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. முந்தைய நாள் முழுக்க உட்கார்ந்து, ஜன்னல் இடுக்குகளிலும் சுவர் விரிசல்களிலும் துணியைத் திணித்துத் திணித்து அடைத்திருந்தாள். வெளியே ஒரு நூல்கூடத் தெரியவில்லை. வேலை என்றால் அது வேலை!

போன வருடமும் இப்படி அடைத்துப் பார்த்தவள்தான். மழையில் துணி ஊறிச் சுவரில் பூஞ்சை பிடித்தது. தம்பிக்கு இருமல் இரண்டு மடங்கானது. அதனால் இந்த முறை அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான் அடைத்திருந்தாள்.

தம்பிக்கு நான்கு வயது. எல்லாருக்கும் அவன் பொடியன். அவன் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலை மூடியே வைத்திருந்தாலும், அங்கே செருகிய அவனுடைய காகிதக் காற்றாடி தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிய அதே காற்றுதான் அவனையும் லொக்கு லொக்கென்று இரும வைத்தது.

இன்று காற்றாடி அசையவில்லை.

"அக்கா, காத்தாடி தூங்கிடுச்சா?" என்று பொடியன் சோகமாகக் கேட்டான். ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தியம் ஆயிற்றே!

அளக்கும் அக்கா பெரிய பெட்டியோடு வந்தார். வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தில் தடித்த துணியை இழுத்துக் கட்டி, நடுவே பெரிய ஃபேன் ஒன்றைப் பொருத்தினார்.

"இந்த ஃபேன் உள்ள இருக்கற காத்தை வெளிய இழுக்கும். அப்ப வெளிக்காத்து எந்த இடுக்கு கிடைச்சாலும் உள்ள ஓடி வரும். எவ்வளவு வருதுன்னு இந்த மீட்டர் சொல்லிடும்" என்றவர் ரேடியோவைப் பார்த்தார். "பாப்பா பேசவே மாட்டாளா?"

"அவளா? ரொம்ப அமைதி" என்றாள் அம்மா.

பொடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஃபேன் ஹோவென்று சுற்றியது. ரேடியோவின் தொண்டையில் பதினேழு கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ஒன்றைக்கூட அவள் வெளியே விடவில்லை.

"அட! இந்தத் தெருவுலயே உங்க வீடுதான் நல்ல வீடு. பச்சை!" என்றார் அக்கா.

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை பல்லும் தெரிந்தது.

"சிவப்பு வீடுங்களுக்குத்தான் குளிர் வர்றதுக்குள்ள இலவசமா சுவரைப் பூசி, புது ஜன்னல் போட்டுத் தரப் போறோம். உங்களுக்குத்தான் அது தேவையே இல்லையே. குடுத்து வெச்சவங்க நீங்க!"

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

உள்ளே பொடியன் இருமினான்.

சொல்லும்மா, சொல்லேன் என்று ரேடியோவின் மனம் கிடந்து தவித்தது. அக்காவோ ஃபேனை நிறுத்தக் கையை நீட்டிவிட்டார்.

வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? கையைப் பற்றி யாரும் பேசவில்லையே!

நில்லுங்கள் என்று அக்காவுக்குக் கை காட்டிவிட்டு ரேடியோ ஜன்னலுக்கு ஓடினாள். இடுக்கில் விரலை விட்டு இழுத்தாள். பூப்போட்ட துணி வந்தது. அதன் பின்னால் கட்டம் போட்டது வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசித் துண்டு வெளியே விழுந்ததும் காற்று விசுக்கென்று பாய்ந்தது. காற்றாடி கிர்ரென்று சுற்றியது.

"முழிச்சுக்கிச்சு!" என்று பொடியன் குதித்தான்.

அக்கா மீட்டரைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது. "சிவப்பு ஒட்டினா நாலு பேர் சிரிப்பாங்களேன்னு..."

அக்கா பெரிதாகச் சிரித்தார். "அட, விடுங்கக்கா! எங்க வீட்டை நானே அளந்தப்போ, எங்கம்மா பீரோவை நகர்த்தி ஓட்டையை மறைச்சுட்டாங்க. பெத்த பொண்ணுகிட்டயே!"

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா அந்த அலமாரியையும் ஒரு கை பிடிங்க. பெரிய ஓட்டை அதுக்குப் பின்னாலதான் இருக்கு" என்றாள்.

எல்லாரும் சேர்ந்து இழுத்துப் போட்ட துணி பொடியனின் இடுப்பு வரை குவிந்தது. மறுபடியும் அளந்தார்கள். நல்ல சிவப்பு!

பள்ளியில் ரேடியோ குறைவாக மார்க் வாங்கியபோதெல்லாம் கிடைத்தது திட்டுதான். குறைந்த மார்க்குக்கு அம்மா கைதட்டியது இதுதான் முதல் தடவை. சிவப்பு ஸ்டிக்கரைக் கோணாமல் அம்மாவே கதவில் ஒட்டினாள்.

ரேடியோ தன் வாயைச் சுட்டிக்காட்டி அம்மாவைக் கெஞ்சலாகப் பார்த்தாள்.

"பேசுடி கண்ணு, பேசு!"

பதினேழு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு அக்கா கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது.

குளிர் வருவதற்குள் புது ஜன்னல் வந்தது. சுவரும் பூசியாயிற்று. வெளியே காற்று என்ன ஆட்டம் போட்டாலும் உள்ளே காற்றாடி அசையவில்லை.

"அக்கா, இது கெட்டுப் போச்சு" என்றான் பொடியன் உதட்டைப் பிதுக்கி.

"கெடலடா. நல்லா மூச்சு இழுத்து நீயே ஊது."

பொடியன் மூச்சை இழுத்தான். அவ்வளவு ஆழமாக இழுத்தால் உடனே இருமல் வரும். தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மா காலை நிறுத்தினாள். ரேடியோகூடப் பேச்சை நிறுத்தினாள்.

பொடியன் ஊதினான். இருமல் வரவில்லை. காற்றாடிதான் சுற்றியது.