கை எட்டிய உயரம்

கதவு திறக்கவில்லை என்று அக்கா போன் செய்தபோது அவள் கட்டடப் பொறியியல் மாலை வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தாள்.

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நானும் பாப்பாவும் உள்ளே மாட்டிக்கிட்டோம். நீ நின்னு கட்டின வீடுதானேடி, நீயே வந்து திற."

சிரித்தபடிதான் சொன்னாள். அந்த வீட்டை அக்கா வாங்கியதே தங்கையின் பேச்சை நம்பித்தான்.

அடுக்குமாடியில், அக்கா வீட்டுக்கு நேர் கீழே, கார் நிறுத்தும் தளத்தில் நுழைந்ததும், உடைத்த சிமெண்டின் வறண்ட வாசனை தொண்டையில் வந்து ஒட்டியது. குழல்விளக்கின் ரீங்காரத்துக்கு அடியில், யாரோ நகத்தால் சுண்டியதுபோல 'டிக்' என்று ஒரு சத்தம். நின்றாள். மறுபடியும் 'டிக்'. படிக்கட்டை ஒட்டிய தூணுக்குள்ளிருந்து. அதன் அடியில், சலித்துக் கொட்டியதுபோல வெள்ளைப் பொடி.

இந்தக் கட்டடத்துக்கு மேற்பார்வையாளராக நின்ற நாளிலிருந்தே அந்தத் தூணை அவளுக்குத் தெரியும். கான்கிரீட் போடுமுன், நிற்கும் கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கம்பி வளையங்களான ரிங் சரியான இடைவெளியில் கட்டியிருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்தவளே அவள்தான். ஆறு அங்குலத்துக்கு ஒன்று. உச்சியில் நான்குக்கு ஒன்று. அன்று ஏணி கிடைக்கவில்லை. கை எட்டிய உயரம் வரை அளந்தாள். "மேலயும் அதே கணக்குதான் மேடம், தைரியமா கையெழுத்துப் போடுங்க" என்றார் கம்பி கட்டுபவர்.

போட்டாள்.

இன்று வகுப்பில் ஆசிரியர் பலகையில் வரைந்து காட்டினார்: ரிங் தள்ளித் தள்ளி இருந்தால், பாரம் ஏறும்போது இரண்டு ரிங்குக்கு நடுவில் கம்பி வெளியே வளைந்துவிடும்; தூண் அமுங்கும், மேலே கதவுச் சட்டம் இறுகிக்கொள்ளும்.

தூணில் உள்ளங்கையை வைத்து மேலே நகர்த்தினாள். வழவழப்பு. வழவழப்பு. விரல்நுனி எட்டிய இடத்தோடு அது முடிந்தது. அதற்கு மேல் பூச்சு உப்பியிருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, கதவைத் தொடாதே. ஜன்னல் பக்கம் போ. ஆளைக் கூப்பிடுறேன்."

"என்ன, சரியா கேக்கல. இரு, ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வைக்கிறேன். பாப்பா, சித்தி கீழே வந்துட்டா. வா, ரெண்டு பேரும் சேர்ந்து இடிப்போம்."

"இடிக்காதே."

தொம்.

போனில் கேட்டது. தூணிலும் கேட்டது. பொடி அவள் நெற்றியில் விழுந்தது.

"அக்கா. வேண்டாம். அக்கா."

தொம்.

பூச்சு பிளந்தது. கம்பி ஒன்று வெளியே வந்தது. மெதுவாக. மடங்கும் முழங்கைபோல.

"இன்னும் பலமா," என்றது குழந்தையின் குரல். பின்னால் போய் ஓடிவரும் சின்னக் கால்களின் சத்தம், அவள் தலைக்கு நேர் மேலே.