விரல் நுனியில் கியர்

"சார்... நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!"

அவன் நின்றான். ஒரு கால் வாசலுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக, பளபளத்த ஷோரூம் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"இப்பதான் தரையைத் துடைச்சிருக்கு. மிதியடியில காலை நல்லாத் துடைச்சிட்டு வாங்க."

"காலைத் துடைச்சு என்னங்க ஆகப் போகுது? என்னை அப்படியே பிழிஞ்சு காயப் போட்டாத்தான் உண்டு."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வெளுத்து வாங்குகிற மழையில் தொப்பலாக நனைந்துவிட்டு, இமையெல்லாம் துளித்துளியாக நீர் நிற்க, ஏதோ அவள்தான் மழையை வரவழைத்தாள் என்பது போல ஒரு பார்வை வேறு... நல்ல கண்கள்தான். யார் இல்லை என்றது? அதற்காகத் தரையைக் குளமாக்கலாமா?

"என்ன விஷயமா வந்தீங்க?"

"டெஸ்ட் டிரைவ். பல் டாக்டர் பேர்ல பதிவு பண்ணியிருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ... இவரா வாடிக்கையாளர்? வாசலிலேயே நிற்க வைத்து அதட்டியது இவரையா?

"டாக்டர்... மன்னிச்சிடுங்க, நான்..."

"டாக்டர் எங்க மாமா. அம்மாவோட தம்பி. நான் வெறும் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நான் ஓட்டிப் பார்த்து 'சரி'ன்னு சொன்னா மாமா வாங்கிடுவார்."

ஆக, எல்லாம் இந்த ஈரச் சட்டைக்காரரின் ஒரு 'சரி'யில்தான் இருக்கிறது!

அவள் நிலைமை அப்படி. கம்பெனியின் ஓட்டுநர் பயிற்சியில் முதல் ஆளாகத் தேறியவள் அவள். ஆனாலும் அவளுக்குக் கிடைத்தது வரவேற்பு மேஜை. வண்டியின் அருமை பெருமைகளை அவள் சொல்லுவாள். வாடிக்கையாளரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவது வேறொருவர். 'வாயாலேயே வண்டி ஓட்டுறவ' என்று மேனேஜர் கிண்டல் செய்வார். அவளும் சிரித்து வைப்பாள். வீட்டுக்குப் போய் அழுவாள். நேற்று அந்த டிரைவர் மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் இன்று சாவி அவள் கைக்கு வந்திருந்தது. "இந்த ஒரு தடவைதான்மா," என்றிருந்தார் மேனேஜர். "வண்டி வித்துச்சுன்னா அந்த சீட் உனக்கு. இல்லேன்னா பழையபடி மேஜைதான்."

அவளுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. வாத்தியாருக்குக் காலையிலேயே அத்தையிடமிருந்து போன் வந்திருந்தது. "டேய், உங்க மாமாவுக்குப் புத்தி பிசகிடுச்சு. இந்த வயசுல பந்தயக் கார் கேக்குது. நீ போய் ஓட்டற மாதிரி ஓட்டிட்டு, நல்லால்லன்னு சொல்லிடு. மாத்திச் சொன்னே... எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதே!"

அவனும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

* * *

சிவப்பு நிறம். தரையோடு தரையாகப் படுத்திருந்தது வண்டி. அதில் ஏறுவது என்று சொல்லக்கூடாது. இறங்கி உட்கார வேண்டும். முதல் பாதி வழி அவள் ஓட்டுவாள், மறு பாதி வாடிக்கையாளர். அதுதான் அங்கே வழக்கம்.

பொத்தானை அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமி எழுந்தது. வாத்தியார் சீட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டான்.

"கியர் கம்பியைக் காணோமே..."

"அது இதுல கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ரெண்டு தகடு தெரியுதா? வலது பக்கத்துத் தகட்டை இழுத்தா கியர் ஏறும். இடது பக்கத்தை இழுத்தா இறங்கும். கிளட்சும் இல்ல. விரல் நுனியிலேயே எல்லாம்."

ஓட்டினாள் பாருங்கள்... ஈரச் சாலையில் அப்படியொரு நிதானம். வளைவுக்கு முன்பே ஒரு விரல் இறக்கும், வளைவு முடிகையில் மறு விரல் ஏற்றும். அவள் கண் சாலையை விட்டு அசையவில்லை. ஆனால் காதில் மட்டும் ஒரு சத்தம் விழுந்துகொண்டே இருந்தது.

தொப்!

அடுத்த திருப்பத்தில் மறுபடியும்... தொப்!

ஓரக்கண்ணால் பார்த்தாள். வாத்தியாரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.

"சார், காலுக்கு என்ன ஆச்சு?"

"அது... ஒண்ணுமில்ல. பழக்கதோஷம். எங்க ஸ்கூல் காருல என் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கும். பசங்க தப்பா ஓட்டினா நான் மிதிச்சு நிறுத்துவேன்."

"ஓஹோ. அப்போ நான் தப்பா ஓட்டறேன்?"

"ஐயையோ, அப்படி இல்லங்க! எங்க அக்கா ஓட்டினாக்கூட மிதிப்பேன். டாக்ஸியில போனாலும் மிதிப்பேன். டிரைவருங்க எல்லாம் என்னை முறைப்பாங்க."

"நானும் முறைக்கலாமா?"

"நீங்க ஏற்கெனவே முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க."

கோபப்பட வேண்டிய இடம். ஆனால் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்துத் தொலைத்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான்... பார்த்ததும் வெளியே மழையைப் பார்ப்பது போலப் பாவனை செய்தான்.

பாதி வழியில் இடம் மாறினார்கள். அவனோ இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, பரீட்சைக்கு வந்த மாணவன் போல உட்கார்ந்தான். வண்டி தவழ்ந்தது. பின்னாலிருந்து ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார்.

"சார்... இது பந்தயக் கார்."

"தெரியுதுங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கே. இதோ, அடுத்த தெருவுல இடது பக்கம் திரும்பணும். முன்கூட்டியே சிக்னல் போடணும்."

சொல்லிக்கொண்டே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலுக்குத் தட்டுப்பட்டதை 'டக்'கென்று இழுத்தான்.

வ்ர்ர்ரூம்!

கியர் இறங்கி வண்டி கர்ஜித்தது. சாலையைக் கடக்க நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. ஒருவர் கையிலிருந்த குடையைத் தவறவிட்டார். வாத்தியார் பதறிப்போய், சிக்னல்தான் விழவில்லை என்று நினைத்து, இன்னொரு தடவை இழுத்தான்.

வ்ர்ர்ர்ர்ரூம்!

"சார்! சார்... அது இண்டிகேட்டர் இல்ல... கியர்! இண்டிகேட்டர் இதோ, இந்தப் பொத்தான்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாத்தியார் காது வரை சிவந்து, அசடு வழிந்து, கடைசியில் அவனும் சிரித்துவிட்டான்.

"இத்தனை பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவன்ங்க நான். வெளிய சொல்லிடாதீங்க."

"சொல்லத்தான் போறேன். ஊரெல்லாம்."

ஊரைத் தாண்டி நீண்ட சாலை வந்தது. ஆளில்லை, வண்டியில்லை. மழையும் தூறலாக இளைத்திருந்தது. "இப்போ இழுங்க," என்றாள் மெதுவாக. "வலது விரல்... பயப்படாதீங்க."

இழுத்தான். இன்னொன்று. இன்னும் ஒன்று... மரங்கள் பச்சைக் கோடாகப் பின்னால் ஓடின. அவன் முகத்திலிருந்து வாத்தியார் காணாமல் போய், வகுப்புக்கு மட்டம் போட்ட பையன் ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தான். அந்தக் கண்கள்... கடவுளே, இப்படியா சிரிக்கும் ஒரு ஆளின் கண்? அவள் சாலையைப் பார்க்க மறந்தாள்.

ஓரமாக நிறுத்தினான். மூச்சு வாங்கியது இருவருக்கும்.

"இப்படி ஒரு வண்டியைப் போய்... எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?"

வாய் தவறி வந்துவிட்டது.

"வேண்டாம்னு சொல்றதா?" அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்?"

மறைக்கத் தெரியாதவன். அத்தையின் போன், வாசப்படி, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினான். அவள் முகம் சுண்டிப்போனது.

"அப்போ வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு பண்ணியாச்சு. சும்மா என்னை வெச்சு ஊர் சுத்தியிருக்கீங்க. இது வித்தாதான் இந்த சீட் எனக்கு. அது தெரியுமா உங்களுக்கு? எத்தனை நாளா இதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

அவன் பதறினான். "தெரியாதுங்க, சத்தியமா. சரி, விடுங்க. நான் வாங்கச் சொல்லிடறேன். அத்தையை நான் சமாளிச்சுக்கறேன்."

அவ்வளவுதான். மூக்குக்கு மேல் கோபம் வந்தது அவளுக்கு.

"யாருக்கு வேணும் உங்க தயவு? பாவம் பார்த்துக் குடுக்கற சீட்ல நான் உட்கார மாட்டேன். உங்களுக்கு எது உண்மைன்னு படுதோ, அதைச் சொல்லுங்க. போதும். இப்போ இறங்குங்க, நான் ஓட்டறேன்."

திரும்பும் வழி முழுக்க வைப்பர் மட்டும் அங்கும் இங்கும் போய் வந்தது. நகர எல்லைக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது... 'தொப்' சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவன் கால் சும்மா இருந்தது. கேட்க நினைத்தாள். ரோஷம் விடவில்லை.

* * *

ஷோரூமில் மாமாவும் அத்தையும் டாக்ஸி பிடித்து வந்து காத்திருந்தார்கள். மாமாவுக்குப் பொறுமை இல்லை; அத்தைக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு மேனேஜர்.

"என்னடா, எப்படி இருக்கு?" மாமா புது மாப்பிள்ளை மாதிரி துள்ளினார்.

அத்தை பார்த்தாள். அந்தப் பார்வையே போதும்.

வாத்தியார் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு 'சரி'... அவள் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அவள் கேட்டது அது இல்லையே.

"வண்டி பிரமாதம் மாமா. ஆனா நீங்க ஓட்டக் கூடாது."

"என்னடா சொல்றே?"

"நீங்க தலை சீவ மட்டும்தான் கண்ணாடி பார்ப்பீங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து போனவங்கள்லயே நீங்கதான் மோசம். இந்த வண்டி உங்க கைக்கு வந்தா எனக்குத் தூக்கம் வராது." பிறகு மேனேஜரிடம் திரும்பினான். "சார், ஒண்ணு. பக்கத்து சீட்ல உட்கார்ந்து பிழைக்கறவன் நான். இவங்க மாதிரி ஓட்டறவங்களை நான் பார்த்ததில்ல."

மேனேஜர் உப்புச்சப்பில்லாமல் தலையாட்டினார். எல்லாம் போச்சு. ஆனாலும் அவன்மேல் கோபம் வரவில்லையே, ஏன்? சாவியை மேஜையில் வைக்கப் போனாள்.

அப்போதுதான் அத்தையைக் கவனித்தாள். சண்டைக்கு வந்தவள், சிவப்பு வண்டியின் மேல் மெதுவாகக் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு.

"அம்மா... உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

அத்தை திடுக்கிட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, புத்தம் புதிதாய் இருந்த லைசென்ஸை எடுத்து நீட்டினாள். "இவன்கிட்டதான் கத்துக்கிட்டேன். வாங்கி என்ன பிரயோஜனம்? இவர் ஒரு நாளாவது சாவியைக் குடுத்தாரா? கல்யாணமான நாள்லேர்ந்து பக்கத்து சீட்ல உயிரைக் கையில பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்."

மாமா தொண்டையைச் செருமினார்.

பக்கத்து சீட்டில் உட்கார வைக்கப்பட்டவளின் வலி இவளுக்குத் தெரியாதா என்ன? சாவியை அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். "வாங்கம்மா. இன்னிக்கு நீங்க ஓட்டறீங்க. வலது விரல் இழுத்தா ஏறும், இடது இழுத்தா இறங்கும். நான் பக்கத்துல இருக்கேன்."

அவர்கள் திரும்பி வந்தது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குக் கேட்டது. கியர் இறங்கும் உறுமல்... கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு. அத்தை இறங்கினாள். கூந்தல் கலைந்து, முகம் ஜொலித்து, வயதில் பாதியை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏங்க, இது நம்ம வண்டி. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உட்காருங்க. வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம், இந்தப் பொண்ணுதான் எனக்கு முழுசாக் கத்துக்குடுக்கணும். இல்லேன்னா வண்டி வேண்டாம்."

மாமா மெல்லச் சிரித்தார். "வண்டி வீட்டுக்கு வருதுல்ல... அது போதும்."

மேனேஜருக்குப் பல் எல்லாம் தெரிந்தது. "அந்த மேஜைக்கு நாளைக்கே வேற ஆள் பார்க்கறேன்மா," என்றார்.

* * *

வெளியே மழை விட்டிருந்தது. வாசல் கூரையின் கீழ் அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"கோபமா?" என்றான்.

"எதுக்கு? உண்மையைத்தானே சொன்னீங்க."

"பாதிதாங்க சொன்னேன்."

அவள் நிமிர்ந்தாள். அவன் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தான், தண்ணீரே இல்லாமல்.

"மீதி என்ன?"

"திரும்பி வரும்போது என் கால் சும்மா இருந்துச்சு. கவனிச்சீங்களா? நானே கவனிக்கல. இறங்கும்போதுதான் தெரிஞ்சுது. நீங்க அவ்வளவு கோபத்துல ஓட்டிட்டு வந்தீங்க... எனக்குக் கொஞ்சம்கூடப் பயமே இல்ல. எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்ப."

மழைவிட்ட தெருவில் எங்கோ ஒரு ஹாரன் அடித்து ஓய்ந்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு எந்தத் தகட்டை இழுத்தால் குறையும் என்று தெரியவில்லை. வாயால் வண்டி ஓட்டுகிறவளாம்... ஒரு வார்த்தை வந்தால்தானே!

"எனக்கும்தான்," என்றாள் ஒருவழியாக. "கோபம் வந்தபோதுகூட... பிடிச்சிருந்துச்சு. அதனாலதான் அவ்வளவு கோபம் வந்துச்சு."

அவன் கண்கள் சிரித்தன. "அப்போ நாளைக்கு வரட்டுமா? எங்க ஸ்கூல் காருல ஒரு ரவுண்டு..."

"வேண்டாம்."

"உங்க வண்டியில?"

"அதுவும் வேண்டாம்." வெட்கத்தில் கன்னம் சுட்டது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை. "பஸ்ல போவோம். யாரோ ஓட்டட்டும்... நான் உங்களையே பார்த்துக்கிட்டு வரணும்."