பின்கதவில் இரண்டு தட்டு

குணசேகரன் பிக்கப்பை நிறுத்திய மறுநொடி பின்கதவில் இரண்டு தட்டு விழுந்தது. தட், தட். கல் வைத்தாயிற்று, பிரேக்கை விடலாம் என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் காலை எடுத்தும் விட்டான். வண்டி அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது, வண்டியில் அவனைத் தவிர வேறு ஆளே கிடையாது.

இறங்கிப் பின்னால் போனான். திருவரங்குளம் மண்டி வாசலில் வெயில் தாழ்ந்து, பழுத்த பலாவின் வாசனையும் சூடான டீசல் நாற்றமும் கலந்து தொண்டையை அடைக்க, எங்கோ ஒரு தகரக் கதவு காற்றில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. பின்டயருக்கடியில் ஒரு கருங்கல் கச்சிதமாக முட்டுக் கொடுத்திருந்தது.

ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டியில் லோடுமேன்தான் ஹேண்ட் பிரேக். ஒன்பது மாதம் இவனுக்குக் கல் வைத்துக் கதவைத் தட்டியவன் பெரியகருப்பன். "ஒரு கேபிள்தானண்ணே, மாத்திருங்க" என்று வாரம் தவறாமல் சொன்னான். "நாளைக்குப் பாப்போம்டா" என்றே இவன் ஒன்பது மாதத்தை ஓட்டினான். போன மாதம் செங்கல் சூளை மேட்டில் நிறுத்தியபோது போன் அடித்தது. தட்டு விழுவதற்கு முன்பே இவன் காலை எடுத்துவிட்டான். கல்லோடு குனிந்திருந்த பெரியகருப்பன் வண்டிக்கும் சூளைச் சுவருக்கும் நடுவில் நசுங்கிப் போனான்.

விசாரிக்க வந்தவர்களிடம், "தட்டுனான் சார். கல்லத்தான் சரியா வைக்கல" என்றான் குணசேகரன். பாவி, செத்தவன் மேலேயே பழியைப் போட்டான்.

அதன்பிறகு இரண்டு முறை கேபிள் மாற்றியாயிற்று. இரண்டும் அறுந்தன. இரண்டாவது அறுந்தபோது மெக்கானிக் அய்யாக்கண்ணு வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து, அறுந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டு நாலு நாளுகூட ஆகல. கையால பிச்ச மாதிரில்ல இருக்கு? வேற எங்கிட்டாவது காட்டுங்க தம்பி. நான் இனிமே இத தொடமாட்டேன்."

ஆளில்லாமல் தட்டு விழுந்த அன்று மண்டியில் லோடு இறக்க யாரும் இல்லை. பலாப்பழங்களோடே திருக்கோகர்ணம் திரும்பினான். வழியெல்லாம் பிரேக் மிதி கொழகொழவென்று இருந்தது. இரண்டு முறை அழுத்தினால்தான் பிடித்தது. ஆயில் எங்கோ ஒழுகுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தான்.

வீட்டுச் சந்து மேடு. வாசலில் நிறுத்தும்போது எஞ்சின் திணறி அணைந்தது. சாவியைத் திருகினான். டிக். மறுபடி டிக். முதல் கியரில் போட்டான், லோடு இழுத்ததில் கியர் நழுவிக்கொண்டது. பிரேக் மிதி ஒன்றுதான் மிச்சம். அது அவன் காலுக்கடியில் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

வளையல் சத்தம் கேட்டது. கண்ணாடியில் மனைவி பரிமளா. போன வாரம் வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் கை நிறையக் குலுங்க, ஏழு மாத வயிற்றோடு வாசலில் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்.

"பரிமளா! அங்கிட்டு போ! பின்னால நிக்காத!"

"வச்சிட்டுப் போறேன், இருங்க. கத்தாதீங்க. நீங்க பிரேக்க மட்டும் விட்டுராதீங்க."

இரண்டு காலாலும் மிதித்தான். மிதி இறங்கியது. இன்னும் இறங்கியது. எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பில்லை. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. டயர் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது.

"பெரியகருப்பா, நான்தான்டா." குரல் உடைந்து அழுதான். "நீ தட்டவே இல்லடா. எல்லார்ட்டயும் சொல்லிடுறேன். நீ தட்டல..."

தட். தட்.

கண்ணாடியைப் பார்த்தான். பரிமளா இன்னும் குனிந்துகொண்டுதான் இருந்தாள். கல் அவளுடைய இரண்டு கைகளிலும் இருந்தது.

மிதி தரையைத் தொட்டது. வண்டி பின்னால் உருண்டது.