உடல் கிடைக்காத ஷிஜி

முட்டத்தில் அந்த வீட்டில் அன்று மாலை இருந்தவர்கள்: கணவனைக் கடலுக்குக் கொடுத்த சகாயசெல்வி, அவள் கொழுந்தன் மரியான், பேச்சிப்பாறையிலிருந்து பஸ் மாறி வந்த ஜிஷா, கடைசியாகப் படியேறிய எபின். நடு அறையில் திறந்த சவப்பெட்டி. அதற்குள் ஷிஜிக்காக ஒரு வெள்ளைச் சுடிதார்.

யாரும் அழவில்லை. பறிகொடுத்தவர்கள் போலவே இல்லை. யாருக்கோ காத்திருப்பவர்கள் போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷிஜி என்று ஒருத்தி கிடையாது. ராத்திரி வேலையை விட்டுவிட்டு நாகர்கோவிலில் சும்மா கிடந்த எபின், வலைப்பூவில் உண்டாக்கிய நோயாளிப் பெண் அவள். இந்த மூவரைப் போல முன்பின் தெரியாதவர்கள் அதை வாசித்து அவளுக்காக உபவாசம் இருந்தார்கள். பார்க்க வருகிறோம் என்று அவர்கள் கிளம்பியபோது பயந்துபோய் அவளைக் கொன்றான். அண்ணன் என்று சொல்லிக்கொண்டு, இராஜாக்கமங்கலம் கரையில் அலை இழுத்துப் போய்விட்டதாக எழுதினான். கல்லறையைக் கேட்டுவிடக் கூடாதே என்று, உடல் கிடைக்கவில்லை என்றும் சேர்த்தான். உடல் கிடைக்காத சாவு கடற்கரை வீடுகளில் முடிவதே இல்லை என்பது உள்நாட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. துணியையாவது அடக்குவோம், அண்ணன் வரவேண்டும் என்று சகாயசெல்வி கூப்பிட்டாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தான்.

உருகிய மெழுகின் மணமும் வாடிய பிச்சிப்பூவும் கருவாட்டு வீச்சமும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் ஒட்ட, வெளியே பாறையில் அலை மோதும்போதெல்லாம் மெழுகுவர்த்திகள் குனிந்து நிமிர, பெட்டியின் நிழல் அவன் காலடிவரை வந்து வந்து திரும்பியது.

“ஷிஜி எழுதினத வாசிச்சு அழுது எனக்கு தெனமும் கறி தீஞ்சிரும். வீட்டுல ஒரே ஏச்சு,” என்றாள் ஜிஷா.

“அழாத அன்னைக்கு மட்டும் வாயில வைக்க முடிஞ்சுதாக்கும்?” என்றான் மரியான். அவன் வலக்கையில் கட்டு.

“கையில என்ன அண்ணே?” என்று கேட்டான் எபின்.

“உன் தங்கச்சியத் தேடி வள்ளத்தில போனேன்லா மக்கா. பாறையில அடிச்சு வெரலு போச்சு. அது கெடக்கட்டு.”

எபின் சகாயசெல்வியைப் பார்த்துச் சொன்னான்.

“அக்கா, இனி தேடாண்டாம். ஷிஜின்னு யாரும் இல்ல. எல்லாம் நான் எழுதினது. ஷிஜி நான்தான்.”

அடி விழும் என்று நின்றான். விழுந்தால் நன்றாக இருக்கும். சகாயசெல்வி எழுந்து வந்து அவன் கன்னத்தைத் தடவினாள். கை சில்லென்றிருந்தது.

“இத்தன நாளு எங்க மக்கா கெடந்த?”

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“எழும்புங்க. உடலு கிட்டியாச்சு.”

எழுந்தார்கள். இப்போது அழுதார்கள். நிம்மதியான அழுகை.

“அக்கா, நான் எபின்.”

ஜெபம் தொடங்கியது. ஷிஜியின் பெயரில்.

ஜிஷா அவன் முன் மண்டியிட்டாள். கையில் வெள்ளைத் துணிக்கிழிசல். அவன் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துவைத்தாள். கட்டத் தொடங்கினாள்.

அலை மோதியது. மெழுகுவர்த்திகள் குனிந்தன.

எபினுக்குப் பின்னால் மரியான் கதவைச் சாத்தினான். பூட்டில் சாவி திரும்பியது.