கழுவாத கை

கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு வெந்நீர் ஊற்றித் தேய்த்தாயிற்று, தரையை லைசால் விட்டுக் கழுவியாயிற்று. ஆனாலும் ராயபுரத்துக் கடலோரம் இருந்த அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டிலருகே போகும்போதெல்லாம், மருந்து நெடிக்கு அடியில், அழுகத் தொடங்கிய பழம்போல ஒரு தித்திப்பு வாடை நர்ஸ் சுகிர்தத்தின் மூக்கில் ஏறியது. ஆயா செல்லம்மாவை மோந்து பார்க்கச் சொன்னாள்.

"ஒண்ணியும் இல்லியேம்மா. லைசால் நாத்தம்தான் கீது," என்றாள் அவள்.

அந்தக் கட்டிலில்தான் அங்கம்மா செத்துப்போனாள். மீன்காரி, தலைச்சன் பிரசவம். மார்பில் சீழ்கட்டிய ஒருத்திக்கு சுகிர்தம் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது அங்கம்மா அலறினாள். குழாயில் தண்ணீர் இல்லை. வெந்நீர் அண்டா முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுகிர்தம் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஓடினாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அங்கம்மா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ராசியான கைம்மா ஒன்னிது."

மறுநாளே குளிர்காய்ச்சல் கண்டது. வயிறு கல்லாக வீங்கியது. பென்சிலின் போட்டும் இறங்கவில்லை. கட்டிலருகே நின்று டாக்டரம்மா கேட்டார்:

"கை கழுவினீங்கதானே சிஸ்டர்?"

"கழுவினேன் டாக்டர்."

குரல் கொஞ்சமும் நடுங்காமல் வந்தது. அங்கம்மாவுக்கு அது கேட்டது. காய்ச்சலில் சிவந்த கண்ணால் சுகிர்தத்தின் கையை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்வை நிலைகுத்தும் வரை.

அதற்குப் பிறகு சுகிர்தத்துக்குக் கழுவிக் கழுவியே விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்துபோயிற்று. "இவங்களைப் பாத்துக் கத்துக்குங்க," என்று டாக்டரம்மா மற்ற நர்ஸுகளிடம் சொன்னபோது, அவளுக்கு நின்ற இடத்திலேயே செத்துவிடலாம்போல் இருந்தது.

இன்று சாயங்காலமே மழை இருட்டு கவிந்துவிட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து பதுருன்னிசாவை ஜட்காவில் கொண்டுவந்து இறக்கினார்கள். காலியாக இருந்தது கடைசிக் கட்டில் ஒன்றுதான். அவளைப் படுக்கவைத்து, போர்த்திவிட்டு, டாக்டரம்மாவை அழைத்துவரச் செல்லம்மாவை அனுப்பினாள் சுகிர்தம். பிறகு பக்கத்து அறைக்குப் போய், கொதித்த நீரை எனாமல் பேசினில் ஊற்றி, சோப்பும் பிரஷும் எடுத்து நகக்கண்வரை தேய்த்தாள். ஓடுகளின் மேல் மழை. தூரத்தில் துறைமுகத்துச் சங்கு ஒருமுறை ஊதி ஓய்ந்தது. பிரஷ் சத்தம் மட்டும் சரக் சரக்கென்று கேட்டது.

தேய்ப்பதை நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை.

வார்டுக்குள்ளிருந்து வந்தது. சரக். சரக். பிறகு தண்ணீர் சொட்டும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

"செல்லம்மா?"



ஈரக்கைகளை எதிலும் படாமல் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கடைசிக் கட்டிலருகே யாரும் இல்லை, அதில் பதுருன்னிசா மட்டும்தான். கண்ணை இறுக மூடிக் கிடந்தாள். அந்த வாடை இப்போது தொண்டைவரை அடைத்தது.

கட்டிலின் கால்மாட்டில் நின்றாள் சுகிர்தம். கிட்டே போக முடியவில்லை.

"நர்சம்மா," என்றாள் பதுருன்னிசா, கண் திறக்காமலே. "ஒங்க கை இன்னா இம்மாம் சூடா கீது?"

சுகிர்தம் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் முகத்துக்கு நேரே. சொட்டிக்கொண்டு.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா."

"எடுத்துடுங்க. உள்ள எரியுது."

போர்வை அசைந்தது. வயிற்றின் மேல் துணி ஐந்து விரலாகப் புடைத்தது. மெல்ல நகர்ந்தது. நின்றது. குழந்தையின் தலை எங்கே இருக்கிறதென்று சுகிர்தம் எப்படித் தடவிப் பார்ப்பாளோ, அதே பக்குவத்தோடு, அதே அக்கறையோடு, அந்தக் கை இன்னும் கீழே தடவிக்கொண்டு போயிற்று.